ஒரு துப்பாக்கி இளைத்த கதை

கடையில் நின்றபடி தூக்கிப் பார்க்கும்போது நாலு கிலோ ஒரு எடையே அல்ல. அதே நாலு கிலோவை மெய்ன் மாநிலத்துக் காட்டில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி, வெள்ளைவால் மானின் தடம் பார்த்து விடிகாலையிலிருந்து சுமந்தவருக்கு மதியத்துக்குள் தோள் கழன்றுவிடும். பழைய துப்பாக்கியோடு நடந்தே வேட்டையாட விரும்பும் அமெரிக்கர்கள் விலைக்கு முன்னால் எடையை விசாரிப்பது இதனால்தான். அவர்களில் பலர் தேடுவது ஒரே வகை: விசையைச் சுற்றி வளையமாகத் தொங்கும் நெம்புகோலை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறித்து அடுத்தது உள்ளே போய் உட்காரும் ‘லீவர் ஆக்‌ஷன்’ ரைஃபிள். நம்மில் பலருக்கு அது பார்த்தவுடன் தெரியும். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் தூக்கிக்கொண்டு திரிவது அதைத்தான்.

இவற்றில் ஆக லேசானது எது என்று கேட்டால் ஒரு மாடலின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த வகைத் துப்பாக்கி பிறக்கும்போது லேசாக இல்லை. இளைக்க அதற்கு 32 வருடம் பிடித்தது. நடுவில் ஒருமுறை நன்றாகப் பெருத்தும் போனது.

மூத்தது ஹென்றி ரைஃபிள். 1860இல் கனெடிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் பெஞ்சமின் டைலர் ஹென்றி அதற்குக் காப்புரிமை வாங்கினார். முதலாளி ஆலிவர் வின்செஸ்டர், சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்தவர். ஒருமுறை நிரப்பினால் 16 தோட்டா. ஒரு குண்டைச் சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது எதிராளியைத் திகைக்க வைத்திருக்கும். எடை 9 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 4.2 கிலோ. 24 அங்குலக் குழலும் அதன் அடியில் ஓடும் தோட்டாக் குழாயும் ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்து எடுத்தவை. இத்தனை உலோகத்தையும் சுமந்துகொண்டு அது வீசிய குண்டு வெறும் 216 கிரெய்ன்; குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சின்ன அளவு அது. அதன் பின்னால் 28 கிரெய்னைத் தாண்டாத கரிமருந்து. இன்றைய கைத்துப்பாக்கிகள் சில அதைவிட ஓங்கி அடிக்கும்.

கனமான உடம்பு, மெலிந்த அடி. இந்தப் பொருத்தமின்மைக்குக் காரணம் பூட்டு. சுடும் கணத்தில் தோட்டா பின்னோக்கிப் பாயப் பார்க்கும்; அதைத் தடுத்து நிறுத்துவதுதான் எந்த ரைஃபிளுக்கும் முதல் வேலை. ஹென்றியில் அந்த வேலையைச் செய்தவை இரண்டு பக்கமும் இருந்த மடக்குக் கணுக்கள். நீட்டிய முழங்கால் போல நேராக நிற்கும்வரை தாங்கும், நெம்புகோலைத் தள்ளினால் மடங்கும். மடங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால் நடுவிலுள்ள இயந்திரக் கூடு நீளமாகவும் உள்ளே காலியாகவும் இருந்தாக வேண்டும். தோட்டாவைக் குழாயிலிருந்து குழல் மட்டத்துக்குத் தூக்க ஒரு கட்டி செங்குத்தாக ஏறி இறங்கியது. அதற்கும் இடம், அதற்கும் எடை. மருந்தைக் கூட்டலாம் என்றால் கணு தாங்காது.

1866இல் வின்செஸ்டர் பெயரில் வந்த மாடல் கூட்டின் பக்கவாட்டில் தோட்டா போடும் வாசல் ஒன்றைத் திறந்தது. 20 அங்குலக் குழலுடன் குதிரைக்காரர்களுக்கென்று செய்த கார்பைன் மூன்றரை கிலோவுக்கு இறங்கியது. 1873இல் கூட்டில் வெண்கலம் போய் இரும்பு வந்தது; .44-40 என்ற புதுத் தோட்டாவும் வந்தது. பெயரளவில் .44 அங்குல விட்டம், 40 கிரெய்ன் கரிமருந்து, 200 கிரெய்ன் குண்டு. இதே தோட்டா பிறகு கோல்ட் ரிவால்வருக்கும் பொருந்தியதால் இடுப்புப் பட்டையில் ஒரே சரக்கை வைத்துக்கொண்டு இரண்டு ஆயுதங்களையும் சுடலாம். அமெரிக்க மேற்கின் கதைகளில் வரும் புகழ் இந்த 73க்குத்தான். ஆனால் இந்தத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே தரப்பின் கையில் இருக்கவில்லை. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டர் தலைமையிலான அமெரிக்கக் குதிரைப்படை ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்டுகளுடன் நின்றபோது, எதிரே இருந்த லக்கோட்டா, செயேன் பழங்குடி வீரர்களில் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. நூறு வருடத்துக்கு மேல் கழித்து அந்த மேட்டைத் தோண்டிய தொல்லியலாளர்களுக்கு அவற்றின் தோட்டாக் கூடுகள் கிடைத்தன.

அதே 1876இல்தான் இந்தத் துப்பாக்கி பெருத்தது. காட்டெருமையையும் கரடியையும் வீழ்த்தும் தோட்டா வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் கேட்டார்கள். நியூ ஹேவன் செய்தது என்னவென்றால், பழைய கணுப் பூட்டை அப்படியே வைத்துக்கொண்டு 73ஐ எல்லாப் பக்கமும் பெரிதாக்கியதுதான். மாடல் 1876 ரைஃபிள் ஒன்பதரைப் பவுண்டைத் தாண்டியது. அப்படியும் ராணுவத்தின் .45-70 தோட்டா அதற்குள் நுழையவில்லை. கூட்டின் நீளம் போதவில்லை. எனக்கு இந்த மாடல் மேல் ஒரு பரிதாபம் உண்டு. யோசனை தீர்ந்துபோன தொழிற்சாலை உலோகத்தைக் கொட்டிச் சமாளிக்கப் பார்த்ததன் சாட்சி அது.

யோசனை இருந்தது யூட்டா மாநிலத்தின் ஆக்டனில், ஒரு துப்பாக்கிப் பட்டறையில். ஜான் மோசஸ் பிரௌனிங் 1855இல் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கி செய்தவர். பிள்ளைக்கு வரைபடம் போட்டு வேலை செய்யும் பழக்கம் கிடையாது. மனதில் ஓடியதை நேராக உலோகத்தில் அறுப்பார், அராவுவார். 1879இல் அவர் காப்புரிமை வாங்கிய ஒற்றைத் தோட்டா ரைஃபிளைக் கண்டு, வின்செஸ்டர் கம்பெனியின் டி. ஜி. பென்னட் 1883இல் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிக்கொண்டு போனார். தொடர்ந்து வந்தது மாடல் 1886. அதில் கணு இல்லை. நெம்புகோலை மூடும்போது இரண்டு தடித்த எஃகுத் தாழ்கள் கீழிருந்து மேலேறி, பின்னடைப்பின் இரு பக்கமும் வெட்டிய பள்ளங்களில் நுழைந்து, அடைப்பையும் கூட்டையும் ஒன்றாகப் பிணைக்கும். .45-70 அதற்குள் சாதாரணமாகப் போனது. எடை மட்டும் குறையவில்லை. தோட்டா பெரிது, குழல் தடிப்பு, 9 பவுண்டுக்கு மேலேயே நின்றது.

லேசாவதற்கான வழி இந்தத் தாழில்தான் இருந்தது, தோட்டா சிறியதாகும்வரை அது வெளியே தெரியவில்லை. கணுப் பூட்டைச் சுருக்க முடியாது, மடங்கும் இடத்தைச் சுருக்கினால் அது வேலை செய்யாது. தாழ்ப் பூட்டைச் சுருக்கலாம். 73க்கு மாற்றாக, அதே .44-40 போன்ற குட்டைத் தோட்டாக்களைச் சுடும் புது ரைஃபிள் வேண்டும் என்று பென்னட் கேட்டார். பிரௌனிங் குடும்பத்தில் சொல்லப்படும் கதை இது: ஒரு மாதத்துக்குள் செய்து தந்தால் 20,000 டாலர், ஒரு நாள் தவறினாலும் இனாம் என்று பந்தயம் கட்டினாராம், தவணைக்கு முன்பே மாதிரி நியூ ஹேவன் போய்ச் சேர்ந்ததாம். பந்தயத் தொகையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், கையில் இருக்கும் துப்பாக்கி அந்த அவசரத்தை நம்ப வைக்கிறது. மாடல் 1892 என்பது 86ஐ அப்படியே குறுக்கியது. பக்கத் தகடு இல்லாத குட்டைக் கூடு. ஏறி இறங்கும் கட்டிக்குப் பதில், ஒரு முனையில் மாட்டிய மெல்லிய நாக்கு சாய்ந்து எழுந்து தோட்டாவைத் தூக்கியது. 73 கார்பைன் ஏழேகால் பவுண்டு. அதே தோட்டாவைச் சுடும் 92 கார்பைன் 6 பவுண்டுக்குள். 2.6, 2.7 கிலோ.

பலமோ பல மடங்கு கூடியிருந்தது. உலோகத்தைச் சுரண்டி எடுத்து லேசாக்கவில்லை, பூட்டை மாற்றியதால் அவ்வளவு உலோகம் தேவைப்படவில்லை. 76இல் நியூ ஹேவன் திணறியதும் 92இல் ஆக்டன் சிரித்ததும் இந்த ஒரு இடத்தில்தான்.

தேடுகிறவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று. 92 நான்கு அளவுத் தோட்டாக்களில் பரவலாக விற்றது: .44-40, .38-40, .32-20, பிறகு .25-20. சின்னத் தோட்டா என்றால் சின்னத் துப்பாக்கி, அதனால் .25தான் லேசாக இருக்கும் என்று தோன்றும். நேர் எதிர். கார்பைன் குழலின் வெளிச்சுற்றளவு ஏறக்குறைய ஒன்றே. மாறுவது உள்ளே துளைக்கும் ஓட்டை. ஓட்டை பெரிதானால் எஃகு குறையும். ஆகவே குடும்பத்தில் ஆக லேசானது ஆகப் பெரிய குண்டைச் சுடும் .44. வால்நட் கட்டையும் மரத்துக்கு மரம் அடர்த்தி மாறும் என்பதால், ஒரே வருடத்தில் ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு 92கள் தராசில் ஒன்றுபோல் நிற்பதில்லை. எட்டுப் பட்டைக் குழல் பார்க்க அழகு, சுமக்கப் பாரம். தோட்டாக் குழாயைப் பாதியில் நிறுத்திய வகையும் உண்டு, அதில் இன்னும் கொஞ்சம் குறையும். முழுக் குழாயில் 12 தோட்டாக்களை ஏற்றினால் கால் கிலோ வரை திரும்பி வந்துவிடும் என்பது வேறு கதை.

லேசான சாமான் தூரம் போகும். 1890களில் அமேசான் ரப்பர் காடுகள் உச்சத்தில் இருந்தன. வடகிழக்கு பிரேசிலின் வறட்சியிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு முதலாளி கொடுத்த சாமானெல்லாம் கடன் கணக்கில் ஏறும். ரப்பர் பால் எடுத்து அதைத் தீர்ப்பதற்குள் ஆயுள் தீர்ந்துவிடும். பிரேசிலின் பெரிய எழுத்தாளர் யூக்ளிடஸ் ட குன்யா, 1909இல் வெளிவந்த தன் நூலில் அப்படி ஒரு தொழிலாளியின் கடன் பட்டியலைத் தருகிறார். பால் பிடிக்கும் கிண்ணங்கள், கோடாலி, தட்டு, கரண்டி இவற்றுக்கு நடுவில் ஒரு வின்செஸ்டர் கார்பைனும் 200 தோட்டாக்களும் வருகின்றன. காட்டில் அது சோற்றுக்கும் காவலுக்கும். அந்த நிலத்தின் பழங்குடிகள் மேல் திரும்பியதும் அதே குழல்தான்.

வட துருவத்தை அடைந்ததாகச் சொன்ன ராபர்ட் பியரி தன் ஆர்க்டிக் பயணங்களுக்கு ஒரு 92ஐக் கொண்டுபோனார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் கணக்கு உண்டு. 1914இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை சுமார் 20,000 வாங்கியது; .303 ரைஃபிள்கள் தரைப்படைக்கே போதாததால், கப்பல்காரர்களுக்கு இந்த மான் துப்பாக்கி போதும் என்று முடிவு. ஸ்பெயினின் ஐபார் நகரில் கரதே, அனித்துவா கம்பெனி ‘எல் டிக்ரே’ என்ற பெயரில், அதாவது புலி, இதன் நகலை அடித்துத் தள்ளியது. 1932இல் பத்து லட்சமாவது 92 வெளியே வந்தது. அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் பேட்ரிக் ஹர்லிக்குப் பரிசாகப் போனது.

பிறகு ஹாலிவுட். 1939இல் வந்த ஸ்டேஜ்கோச் படத்தில் ஜான் வெய்ன் பெரிய வளையம் வைத்த துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். கதை நடப்பது 1880 வாக்கில். கையில் இருப்பது 92. தி ரைஃபிள்மேன் என்ற டி.வி. தொடரிலும் இதே கூத்து. கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஸ்டூடியோக்களில் வெற்றுத் தோட்டா ஒன்று புழங்கியது; .38-40, .44-40 ரைஃபிள்களிலும் .45 கோல்ட் ரிவால்வரிலும் ஒன்றே போதும். துணைநடிகர் நூறு பேர் குதிரையில் ஓடும் காட்சிக்கு, லேசாகவும் சிக்காமலும் மலிவாகவும் இருந்த 92 வந்து நின்றது. நாம் வெஸ்டர்ன் படங்களில் பார்த்த 1870களின் அமெரிக்கா பெரும்பாலும் இன்னும் பிறக்காத துப்பாக்கியால்தான் சுட்டுக்கொண்டிருந்தது.

சரி, 92தான் விடை என்றால் தேடல் ஏன் முடிவதில்லை? .44-40ஐ நம்பி மானுக்குக் குறிவைத்தால் நூறு கஜம் வரை நியாயம். அதற்கு அப்பால் குண்டு தொய்ந்து விழும். அடிபட்டுத் தப்பி ஓடும் விலங்கு வேட்டைக்காரனின் கணக்கில் எந்தப் பக்கமும் சேராது. இங்கே இரண்டு போட்டியாளர்கள் வருகிறார்கள்.

ஒன்று, பிரௌனிங்கே செய்த மாடல் 1894. மறு வருடமே நிக்கல் கலந்த எஃகுக் குழலும் புகையில்லா மருந்தும் அதற்குள் வந்தன; .30-30 தோட்டா பிறந்தது. கார்பைன் ஆறரைப் பவுண்டு அளவில். முந்நூறு கிராம் போலக் கூடுதலாகச் சுமந்தால் எட்டும் தூரம் கிட்டத்தட்ட இருமடங்கு. 70 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது, ஆச்சரியமில்லை. என்னிடம் கேட்டால் பாதிப் பேரின் தேடல் இங்கேயே முடிந்துவிட வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் வினோதமான மனிதரின் வினோதமான துப்பாக்கி. ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் திரிந்தவர், நியூயார்க் மாநிலத்து யூடிகா நகரில் டிராம் பாதை மேலாளராக உட்கார்ந்து துப்பாக்கி வரைந்தவர். அவருடைய மாடல் 1899இல் வெளியே தெரியும் சுத்தி கிடையாது. குழலுக்கடியில் குழாயும் கிடையாது. குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னதன் பின்பக்கத்தை முட்டிக்கொண்டு நிற்பதால் கூர்மையான குண்டு போட்டால் உள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. சாவேஜ் தோட்டாக்களைச் சுழலும் பித்தளை உருளையில் வட்டமாக அடுக்கினார். கூர்மையான, வேகமான குண்டுகளுக்கு வழி திறந்தது. 20 அங்குலத்துக்கு மெலிந்த குழலுடன், நடுவில் கழற்றி இரண்டாக்கிப் பெட்டியில் வைக்கும்படி ‘ஃபெதர்வெயிட்’ வகை வந்தது. எடை சுமார் 6 பவுண்டு. 92க்கு ஈடு கொடுக்கும் எடையில் நவீனத் தோட்டா.

1912இல் இதற்காகச் சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த .22 ஹை-பவர் குண்டின் எடை 70 கிரெய்ன், நாலரை கிராம். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஊழியம் செய்த ஹாரி கால்ட்வெல் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் இதை வைத்துப் புலிகளைச் சுட்டார். சுட்டது உண்மை, கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு வேண்டியதில்லை. ஆனால் அவர் அருகில் நின்று, இடம் பார்த்து, பதறாமல் அடித்தவர். விளம்பரத்தை நம்பி வாங்கியவர்கள் எல்லோருக்கும் அந்த நிதானம் வாய்க்கவில்லை. மெல்லிய குண்டு சில நேரம் தோலுக்கு அடியிலேயே சிதறியது. பெரிய விலங்குக்கு ஆகாத தோட்டா என்ற பெயர் அதன் மேல் விழுந்தது. 1915இல் அதே நியூட்டன் தந்த .250-3000 பரவாயில்லை, மானுக்கு இன்றும் அதை மெச்சுகிறவர்கள் உண்டு.

தமிழ்நாட்டுக் காடுகளுக்கும் லீவர் ஆக்‌ஷன் வந்திருக்கிறது. ஆனால் வந்தது இளைத்த பிள்ளை அல்ல. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரியிலும் சீகூரிலும் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தபோது பயன்படுத்தியது வின்செஸ்டர் மாடல் 1895, .405 தோட்டா. அதையும் வடிவமைத்தவர் பிரௌனிங். அடியில் பெட்டி வடிவத் தோட்டா அறை. 300 கிரெய்ன் குண்டு. எடை 8 பவுண்டுக்கு மேல். தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்கு என்று எடுத்துப்போனதும் இதே வகை. உதைப்புக்குப் பேர் போனது. பல துப்பாக்கிகளில் பின்முனை பிறைபோல வளைந்த இரும்புத் தகடு வேறு, தோளில் சரியாக உட்காரவில்லை என்றால் எலும்பில் பதியும். இதன் எடையில் ஒரு கிலோவைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆண்டர்சன் வேண்டாம் என்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தக் கனம்தான் உதையில் பாதியை வாங்கிக்கொண்டது.

92இன் தயாரிப்பு 1941 வாக்கில் நியூ ஹேவனில் நின்றுபோனது. ஆனால் துப்பாக்கி நிற்கவில்லை. பிரேசிலில் ரோசி கம்பெனி ‘பூமா’ என்று செய்தது. 1970களின் இறுதியில் பிரௌனிங் பெயரிலேயே ஒரு 92 வந்தது. செய்தவர்கள் ஜப்பானின் கோச்சி மாகாணத்து மிரோக்கு, நம் கொச்சி அல்ல. அதில் .44 மேக்னம் சுடலாம். பழைய .44-40ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம். அதே இரண்டு தாழ்கள் தாங்கின.

பழசில் ஆக லேசானதைத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் கடைசியில் வந்து நிற்பது ‘டிராப்பர்’ கார்பைனிடம். கண்ணி வைத்துத் தோல் எடுப்பவர்களுக்காக வின்செஸ்டர் குழலை 20 அங்குலத்திலிருந்து 14க்கு வெட்டிக் கொடுத்த 92. தென் அமெரிக்காவுக்கும் போனது. தராசில் இதை வெல்ல அந்தக் குடும்பத்தில் ஆளில்லை. ஆனால் 1934இல் அமெரிக்க அரசு 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைஃபிள்களைக் கொள்ளைக்காரர்களின் ஆயுதப் பட்டியலில் சேர்த்தது. பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் 200 டாலர் வரி என்று அன்று விதித்தது. அன்றைய துப்பாக்கி விலையைவிட அந்த வரி பல மடங்காக இருந்தது. அளவு பிறகு 16 ஆகத் தளர்ந்தது, 14க்கு வரவில்லை. தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தவை என்று நிரூபணமானால் மட்டும் பழம்பொருள் என்று விலக்கு கிடைக்கும். நிரூபணம் வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் இருக்கிறது. அங்குள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் பத்திரமாக உள்ளன. துப்பாக்கியின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்தத் தோட்டாவுக்கு, எவ்வளவு நீளக் குழலோடு, எந்தத் தேதியில் கிடங்கை விட்டுப் போனது என்று கடிதம் வரும். எல்லா எண்களுக்கும் ஏடு இல்லை. பின்னாளில் செய்தவற்றுக்குப் பதிவு கிடையாது என்பதால், வீட்டிலேயே ரம்பம் போட்டு அறுத்த 20 அங்குலக் கார்பைனை ‘அசல் டிராப்பர்’ என்று நீட்டுகிறவர்கள் அந்த எண்களாகப் பார்த்துத்தான் கொண்டுவருகிறார்கள்.